கதிரையை எடுக்காமல் விளையாடுவது எப்படி?

ஒக்டோபர் முதலாம் திகதி இலங்கைப் பாடசாலைகளில் சிறுவர் தினம். ஒரு வாரம் கழியுமுன், ஆறாம் திகதி, ஆசிரியர் தினம். கிண்ணியாவின் ஆரம்பப் பிரிவுகளில் அந்த நாட்களில் கொப்பி திறப்பது குறைவு. உம்மாமார் கேக்கும் ரோல்ஸும் செய்து அனுப்புவார்கள். கரும்பலகையில் வண்ணச் சோக்கால் பூ வரைந்திருக்கும், ஜன்னல் கம்பிகளில் பலூன் தொங்கும். பெருநாள் விடுமுறை கழிந்து பாடசாலை திறக்கும் வாரத்திலும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடும், ஆண்டிறுதியிலும் இதே மாதிரி வகுப்பு விருந்துகள் நடப்பதுண்டு. சாப்பாட்டுக்கு ஒரு திட்டம் இருக்கும், படம் பிடிப்பதற்கும் ஒரு திட்டம் இருக்கும். நடுவே விளையாட்டுக்கென்று ஒதுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் திட்டம் இருக்காது. போன வருடம் செய்ததே இந்த வருடமும் நடக்கும்.

பிள்ளைகள் அன்று காலையில் சோறுகூடச் சரியாகச் சாப்பிடாமல் ஓடி வருவது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். ஆகவே அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கையில் எடுக்கும் அளவுகோல் ஒன்றே: வகுப்பில் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேர், எவ்வளவு நேரம், உண்மையில் விளையாடினார்கள்?

சங்கீதக் கதிரையை எடுத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள், இருபத்தொன்பது கதிரைகள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் வெளியேற, ஒருவர் மிஞ்சும்வரை 29 சுற்று. எல்லோரும் கடைசிவரை ஆடியிருந்தால் முப்பது பேருக்குமாக 870 சுற்று கிடைத்திருக்கும். வெளியேற்றிக்கொண்டே போனால் கிடைப்பது 464 மட்டும். பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தப் பாதியும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. முதலில் வெளியேறிய பிள்ளை ஒரேயொரு சுற்று ஆடிவிட்டு, மீதி 28 சுற்றும் சுவரோரம் நிற்கிறது. முதலில் வெளியேறுவது யார் என்பதும் பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான்: வகுப்பில் ஆகச் சிறிய பிள்ளை, அல்லது பிறரைத் தள்ளத் தெரியாத பிள்ளை. ஓடுவதிலும் இடம் பிடிப்பதிலும் யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அவர்களுக்கே ஆட்டம் ஆகக் குறைவாகக் கிடைக்கிறது.

இரண்டாம் தர வகுப்பொன்றில் இதை நேரே பார்த்தேன். முதல் சுற்றிலேயே கதிரை கிடைக்காத ஒரு சிறுமி, தான் வெளியேறிவிட்டாள் என்பதே புரியாமல், அடுத்த சுற்றுக்கும் வரிசையில் வந்து நின்றாள். மற்றப் பிள்ளைகள் "நீ அவுட்" என்று கத்தினார்கள். அவள் ஆசிரியையின் முகத்தைப் பார்த்து, "நான் இனி வரக்கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள். ஆசிரியை அவளை அருகே அழைத்துக் கைதட்டச் சொன்னார். அவளும் தட்டினாள். பிறகு கதிரையின் பின்னால் நின்று, யாரும் சொல்லாமலே, பலூன் நூலை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆசிரியை அன்பானவர். குறை அவரில் இல்லை. அவர் கையில் இருந்த விளையாட்டின் அமைப்பே அப்படி.

ஓட்டப் போட்டிகளின் கணக்கு இன்னும் மோசம். தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடுவது, சாக்கோட்டம், ஊசியில் நூல் கோர்ப்பது, போத்தலில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் ஒரு தரத்துக்கு நான்கைந்து பேராகத்தான் நடக்கும். முப்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளை ஓடுவது அரை நிமிடம். மீதி நேரம் வரிசை, வெயில், முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுத்தல். "பிள்ளைகள் அடங்குறாங்க இல்லை" என்று அன்றைக்கு எழும் முறைப்பாட்டில் பாதி இந்த வரிசையில் பிறக்கிறது.

காத்திருப்பும் பார்த்திருப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யானைக்குக் கண் வைத்தலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடுகிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு போன பிள்ளை யானையின் வாலுக்குப் பக்கத்தில் கண் வைக்கும்போது வகுப்பே சிரிக்கிறது. "மேல, மேல! இடப்பக்கம்!" என்று கத்துவதும் ஆட்டத்தின் பங்கு. பிழையான வழியைச் சொல்லிக் குழப்புவதிலும் ஒரு இன்பம். அங்கே பார்ப்பவர்களும் ஆடுகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நிமிடங்களை மட்டும் எண்ணினால் இது தோற்றுவிடும். முகங்களைப் பார்த்தால் தோற்காது. ஆனாலும் முப்பது பேரும் வரிசையாகக் கண் வைத்து முடிக்க வேண்டும் என்று நின்றால் பதினைந்தாவது ஆளோடு சிரிப்பு வற்றிவிடும். அதற்கு முன்னர் நிறுத்திவிட்டு, மீதிப் பேருக்கு வேறொரு படம், வேறொரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

வெளியேற்றாமல் விளையாடலாமா என்ற கேள்வியை உலகில் பலர் முன்பே கேட்டிருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் டெரி ஓர்லிக் 1978இல் கூட்டுறவு விளையாட்டுகள் பற்றி எழுதிய நூல் பல நாட்டு ஆசிரியர்களின் கைக்குப் போனது. அந்த வழியில் ஆடும் சங்கீதக் கதிரையில் கதிரை குறையும், பிள்ளை குறைவதில்லை. மிஞ்சிய இடத்தில் எல்லோரும் எப்படியாவது சேர்ந்து இருக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு சிரிப்பதே முடிவு. பிளாஸ்ரிக் கதிரையில் ஐந்து பேர் ஏறினால் கால் முறியும், ஆகவே நம் வகுப்புகளில் கதிரைக்குப் பதில் பாய் போடுவதே சரி. ஓலைப்பாய், சாக்கு, பழைய பத்திரிகைத் தாள், ஒன்றுமில்லையென்றால் மணலில் வட்டம். பத்து வட்டம் ஆறாகி, ஆறு மூன்றாகும்போது பிள்ளைகள் ஒருவர் தோளை மற்றவர் பிடித்து, ஒற்றைக் காலில் நின்று, "இங்க வா, இடம் இருக்கு" என்று கூப்பிடுவார்கள். முன்பு தள்ளத் தெரிந்தவன் வென்ற ஆட்டத்தில் இப்போது இடம் கொடுக்கத் தெரிந்தவன் தேவைப்படுகிறான்.

பாட்டு போட்டு நிறுத்துவது பற்றி இங்கே ஒரு விடயம். பாடசாலையில் இசை வேண்டாம் என்று கருதும் பெற்றோர் கிண்ணியாவில் உண்டு. அவர்களோடு வாதாடிக்கொண்டு விருந்தைக் கெடுக்கத் தேவையில்லை. ஆட்டத்துக்குத் தேவை ஓசையும் திடீர் மௌனமும்தான். எல்லோரும் சேர்ந்து கைதட்டலாம், மேசையில் தாளம் தட்டலாம், ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லலாம். வெளியேற்றம் இல்லாத ஆட்டத்தில் இந்த ஓசையையும் பிள்ளைகளே எழுப்புகிறார்கள்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வயதைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்துப் பிள்ளைகள் மாபிள் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து கவனித்த ழான் பியாஜே, 1932இல் வெளியிட்ட நூலில், சின்னப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து ஆடினாலும் தத்தமது ஆட்டத்தையே ஆடுகிறார்கள் என்றும், ஏழு எட்டு வயதளவில்தான் ஒருவரையொருவர் வெல்ல முனைந்து பொது விதியொன்றைத் தேடுகிறார்கள் என்றும் காட்டினார். முதலாம் தரத்துப் பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயது. வெற்றி தோல்வி அதற்கு வெளியிலிருந்து வருவது. எல்லோரும் வென்றோம் என்று அது வீட்டில் போய்ச் சொல்லும், மெய்யாகவே நம்பிச் சொல்லும். ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்குப் பத்து வயது. போட்டி இல்லாத ஆட்டத்தை அது "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று ஒதுக்கிவிடும். நம் பாடத்திட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதுதான். 1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றாகக் கற்பித்தலைப் பிரித்து, முதல் இரு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம் தந்தது. மேலே போகப்போக எழுத்து வேலை கூடும். நடைமுறையில் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்றாம் தரத்திலேயே விழுந்துவிடுகிறது. பின்னேர வகுப்புக்கும் ஓடும் பிள்ளைக்கு வகுப்பு விருந்தின் ஒரு மணி நேரம் பெரிய சொத்து.

முதலாம் இரண்டாம் தரத்துக்கு வட்ட விளையாட்டுகளே தோது. வட்டமாக அமர்ந்து, ஒரு பிள்ளை லேஞ்சியோடு பின்னால் சுற்றி வந்து யாருக்கும் தெரியாமல் ஒருவர் முதுகுப்புறம் போடுவதை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. தமிழ்நாட்டில் குலைகுலையாய் முந்திரிக்காய் என்பார்கள். அமர்ந்திருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்க்கிறது, எனக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்ற பதற்றத்தில் உடம்பு முழுக்க விழித்திருக்கிறது. பிடிபட்டவரும் வெளியேறுவதில்லை, லேஞ்சியை வாங்கிக்கொண்டு ஓடுகிறார். ஒரே கவனம்: சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்ப லேஞ்சி விழும். ஒருமுறை ஓடியவர் காலை நீட்டி அமரலாம் என்று விதி வைத்தால், இன்னும் ஓடாதவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். காகம் பறக்குது, மைனா பறக்குது என்று சொல்லிக்கொண்டே போய் "மாடு பறக்குது" என்று கையைத் தூக்கவைக்கும் ஆட்டத்திலும் பிழைவிட்டவரை வெளியேற்ற வேண்டாம். அடுத்த தடவை சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தால் போதும்.

மூன்றாம் தரத்திலிருந்து மேலே நான் தயங்காமல் முதலிடம் தருவது கிளித்தட்டுக்கு. வகுப்பு விருந்துக்கு இதை யாரும் நினைப்பதில்லை, பின்னேரம் வளவில் ஆடுவது என்று விட்டுவிடுகிறார்கள். நீள்சதுரம் ஒன்று, நடுவே நீளக்கோடு, குறுக்கே சில கோடுகள். ஓர் அணி கோடுகளில் நின்று மறிக்கும், மற்ற அணி கட்டம் கட்டமாகக் கடந்து கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். குறுக்குக் கோட்டில் நிற்பவர் தன் கோட்டைவிட்டு அசையக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடித் திரியலாம். கிண்ணியாவின் மணல் நிலம் இதற்கென்றே அமைந்தது போலிருக்கும்; விழுந்தாலும் காயம் இல்லை, கோடு போடக் குச்சியே போதும். சீமெந்துத் தரை என்றால் போத்தலில் தண்ணீர் ஊற்றிக் கோடு போடலாம். வெயிலில் அது காயுமுன் ஒரு ஆட்டம் முடியும், பிறகு அணி மாறும்போது மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

இதில் ஓடத் தெரிந்தவனுக்கு மட்டும் வேலை என்று நினைப்பது பிழை. மெதுவாக ஓடும் பிள்ளை ஒரு கட்டத்தில் நின்று மறிப்பவரின் கண்ணைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கும், வேகமானவன் மறுபக்கத்தால் பாய்வான். பெரிய வகுப்புக்கு ஒரு தட்டுப் போதாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போட்டுவிட்டால் முப்பது பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். தொடப்பட்டவரை வெளியேற்றாமல் தொடக்கக் கோட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் சுவரோரம் ஒருவரும் நிற்கமாட்டார்கள். ஞா. தேவநேயப் பாவாணர் 1954இல் எழுதிய தமிழ்நாட்டு விளையாட்டுகள் பற்றிய நூலில் ஆட்டங்களை ஆடுவோர் யார், பகலாட்டா இரவாட்டா என்று வகுத்து விளக்கியிருப்பார். ஒரு விளையாட்டை அதை ஆடும் ஆளோடும் நேரத்தோடும் சேர்த்துப் பார்ப்பது சரியான முறை. வகுப்பு விருந்துக்கு விளையாட்டுத் தேடும் ஆசிரியருக்கும் அதே பார்வை வேண்டும்: எந்த வயது, எவ்வளவு இடம், எத்தனை மணிக்கு. கச்சான் காற்று ஓயாத நாட்களில் பத்து மணிக்குப் பிறகு மைதானம் கொதிக்கும். ஓட்ட விளையாட்டைக் காலையில் முதலில் வைத்து, சாப்பாட்டுக்குப் பின் வகுப்பறைக்குள் கொக்கான் வெட்டுதல், ராஜா ராணி கள்ளன் பொலிஸ் என்று நான்கைந்து பேர் கூட்டங்களாக அமர்த்துவது உடம்புக்கு நல்லது.

விளையாட்டை ஊரோடு சேர்த்துப் பார்ப்பதில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். குழு பிரிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் ஆட்டம் ஒன்று உண்டு. கப்பல் மூழ்குகிறது, மூன்று மூன்று பேராக உயிர்காப்புப் படகில் ஏறுங்கள் என்று தலைவர் கத்துவார். எண்ணிக்கைக்குள் வராதவர் மூழ்கியவர், வெளியே போக வேண்டும். பயிற்சிப் பட்டறைகளில் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படுவது, வகுப்புக்குள்ளும் எளிதாக வந்துவிடுவது. ஆனால் கிண்ணியா கொட்டியாரக் குடாவின் கரையில் இருக்கும் ஊர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்த ஊர். 2009 ஒக்டோபரில் பெரிய பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போகத் துறையைக் கடந்த ஊர். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்ததால் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளை நாம் இழந்தோம். அந்தப் பிள்ளைகளின் தம்பி தங்கையும் மாமா சாச்சிமாரின் பிள்ளைகளும் இன்று இதே வகுப்புகளில் இருக்கக்கூடும். இங்கே அந்த ஆட்டத்தை அந்தப் பெயரில் ஆடக்கூடாது. ஆட்டத்தின் எலும்பை வைத்துக்கொண்டு உடுப்பை மாற்றினால் போதும். சந்தைக்குப் போகிறோம், ஒரு முச்சக்கரவண்டிக்கு மூன்று பேர், வானுக்கு ஏழு பேர். மிஞ்சியவர் சாரதி, அடுத்த எண்ணை அவர் சொல்வார்.

இது மிகையான கவலை என்று சிலர் நினைக்கலாம். கிழக்கு மாகாணத்தில் பிள்ளைகளின் விளையாட்டையும் காயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் நமக்கு முன்னரே இருந்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். அங்கே யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. பயத்தைத் தூண்டாமல் பிள்ளையை உள்ளே இழுப்பது எப்படி என்பதை நம் மாகாணமே பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பலூன் உடைக்கும் போட்டியைக்கூட நான் சின்ன வகுப்புகளில் விரும்புவதில்லை. வெடிச்சத்தத்துக்கு அழுகிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும். பலூனை உடைக்காமல், நிலத்தில் விழவிடாமல் ஆறு பேர் சேர்ந்து எத்தனை தட்டுத் தட்டுகிறார்கள் என்று எண்ணலாம். அதே பலூன், அதே செலவு.

உணவை வைத்து ஆடும் போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலில் தொங்கும் பணிஸைக் கை பின்னால் கட்டிக்கொண்டு கடித்துத் தின்பது வேறு ஊர்களில் பெரிய வேடிக்கை. அமர்ந்து, வலக்கையால், பிஸ்மி சொல்லிச் சாப்பிடப் பழக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அதைக் கேட்பது பொருந்தாது. அவசரத்தில் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. 2022இன் நெருக்கடியில் பாணுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற குடும்பங்களின் முன்னே உணவைச் சிந்தி விளையாடுவதற்கு மனம் வருவதுமில்லை.

ஆனால் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள நல்லதொன்று நம்மிடம் இருக்கிறது. அது சஹன். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பழக்கம் கல்யாண வீட்டில் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது. விருந்தன்று காலையிலேயே ஆறு ஆறு பேராகச் சஹன் பிரித்துவிட்டு, அதே ஆறு பேரையே விளையாட்டுக்கும் குழுவாக வைத்தால் பல சிக்கல் தீரும். தலைவன் இருவர் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அணி சேர்க்கும் முறையில் கடைசியாக எஞ்சி நிற்கும் பிள்ளையின் வேதனை இல்லாமல் போகும். யார் யாரோடு என்பதை ஆசிரியர் யோசித்து முன்னரே கலக்கலாம்: பேசாத பிள்ளையோடு அதன் அயல்வீட்டுப் பிள்ளை, ஓட முடியாத பிள்ளையோடு பொறுமையான இருவர். நான்காம் ஐந்தாம் தரத்தில் ஆணும் பெண்ணும் கை கோக்கக் கூச்சப்பட்டால் வட்டம் பிடிக்கையில் ஆளுக்கொரு லேஞ்சி நுனியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வரும் பிள்ளைக்கு ஆட்டத்தில் இடம் கேட்டால், "அவர் நடுவராக இருக்கட்டும்" என்பதே நாம் உடனே சொல்லும் பதில். ஒரு தடவைக்கு அது சரி, ஒவ்வொரு தடவையும் என்றால் அதுவும் வெளியேற்றம்தான். பந்து மாற்றுதல், சொல் கடத்துதல், பலூன் தட்டுதல் போன்றவை எல்லோரும் அமர்ந்தே ஆடக்கூடியவை. அன்றைய திட்டத்தில் குறைந்தது பாதி அப்படி இருந்தால் யாருக்கும் தனி ஏற்பாடு தேவைப்படாது.

பரிசுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் மூவருக்கு மினுங்கும் தாளில் சுற்றிய பெட்டி வேண்டாம். எல்லோருக்கும் ஒரு பென்சில், அல்லது வென்ற குழு எதுவென்றாலும் சஹனைச் சுற்றி முதலில் அமரும் உரிமை. பெற்றோரிடையே யார் பெரிய பரிசு வாங்கிக்கொடுப்பது என்ற போட்டி தொடங்கிவிட்டால் வசதியில்லாத வீட்டுக்கு விருந்தே பாரமாகிவிடும்.

கடைசியாக ஐந்தாம் தரம். பரீட்சை முடிந்து, பின்னேர வகுப்பும் நின்று, கை சும்மா இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தும் பொறுப்பையே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. நாற்பது நிமிடம், முதலாம் தரத்து வகுப்பு ஒன்று, சஹனுக்கு இரண்டு அண்ணன் அக்கா. என்ன ஆடுவது, கோடு எங்கே போடுவது, சண்டை வந்தால் என்ன செய்வது என்பதை அவர்களே முந்திய நாள் பேசி முடிக்கட்டும். பிரித்தானியச் சிறுவர் விளையாட்டுகளைத் தெருக்களிலும் முற்றங்களிலும் தேடிச் சேகரித்து 1969இல் நூலாக்கிய ஐயோனா ஓப்பி, பீற்றர் ஓப்பி தம்பதியினர் எடுத்துக்காட்டியதும் இந்தத் திறமையைத்தான். பெரியவர்கள் நடத்தாத இடத்தில் பிள்ளைகள் விதி செய்வார்கள், திருத்துவார்கள், சின்னவனுக்குச் சலுகை கொடுப்பார்கள். கிண்ணியாவின் வளவுகளிலும் பின்னேரங்களில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. கிளித்தட்டில் நாலு வயதுத் தம்பியை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, தொட்டாலும் தொட்டதாகக் கணக்கெடுக்காமல் ஓடவிடுகிற ராத்தாமார் அங்கே இருக்கிறார்கள். ஆசிரியர் செய்ய வேண்டியது, மணியடித்ததும் கோட்டுக்கு வெளியே வந்து, தண்ணீர்ப் போத்தல்களோடு வேப்பமர நிழலில் நிற்பது.